ஷாங்காயில் ஒரு வாடகை வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். மொழி தெரியாத பெருநகரில் வாடகைக்கு வீடு தேடும் அனுபவம் அவர்களுக்கு வாய்த்திருந்தால், அதனையும் அவ்வரிசையில் சேர்த்திருப்பார்கள். 2019-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் எம் மகனுக்குச் சீன நாட்டின் ஷாங்காய் நகரில் பொறியாளர் பணி அமைந்தது. மருமகளும் நான்கு வயதுப் பேத்தியும் உடன் புறப்பட்டனர். வீடு அமையும் வரை குழந்தையைப் பார்த்துக் கொள்ளும் பொருட்டு நாங்கள் இருவரும் துணை சென்றோம்.

ஹுவாங்பூ ஆறு இந்நகரை இரண்டாகப் பிரிக்கின்றது. மேற்கே இருப்பது பூசி. கிழக்கே இருப்பது பூடோங். 1843-இல் அயல்நாட்டு வணிகருக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம் இது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் மேற்குக் கரையில் தமக்கென எல்லை வகுத்துக் கொண்டு ஏறத்தாழ நூறாண்டுகள் கோலோச்சினர். கிழக்குக் கரையின் பெரும்பகுதியோ, 1990-இல் அரசு வளர்ச்சித் திட்டத்தை அறிவிக்கும் வரை வயல்வெளியாகவே கிடந்தது. இன்று அங்கே 632 மீட்டர் உயரத்தில் ஷாங்காய் கோபுரம் நிற்கின்றது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 2 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். 1990-களில் அயல்நாட்டார்க்கென்று குறிக்கப்பட்ட குடியிருப்புகள் தனியே இருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வேறுபாடு நீங்கவே, வந்தவர் தம் விருப்பம்போல் வீடு பார்க்கலாயினர். விருப்பம் பெருகினால் குழப்பமும் பெருகுமல்லவா?

முதல் நாள் தரகர் எங்களைப் பூடோங்கிலுள்ள ஜின்ச்சியாவ் பகுதிக்கு அழைத்துச் சென்றார். சுற்றுச்சுவர், வாயிற்காவலர், புல்தரை, நீச்சல் குளம், வரிசையாகத் தனி வீடுகள். பன்னாட்டுப் பள்ளிகளும் அருகிலேயே உள்ளன. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடி அறையைச் சூடாக வைத்திருந்தது. சீனாவில் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கேதான் நகராட்சியே வீடுகளுக்கு வெப்பம் வழங்கும் ஏற்பாடு உண்டு. ஷாங்காய் அதற்குத் தெற்கே இருப்பதால், குளிர்காலத்தில் ஈரக் குளிர் சுவரையே ஊடுருவுகின்றது. ஆதலால் அந்தச் சூட்டில் எங்களுக்கு மனம் ஒட்டிக் கொண்டது. "இதுவே பாதுகாப்பு" என்றோம். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் ஒரு மணி நேரம் நடந்தும் காரில் செல்வோரைத்தான் கண்டோம்.

இரண்டாவதாகப் பார்த்தது குபேய். அயல்நாட்டார்க்கென 1980-களின் பிற்பகுதியிலிருந்து திட்டமிட்டு எழுப்பப்பட்ட வட்டாரம் அது. ஜப்பானியரும் கொரியரும் மிகுதி. மின்தூக்கியில் மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று எழுதியிருந்தது. சீன மொழியில் நான்கு என்னும் சொல் சாவு என்னும் சொல்லை ஒத்து ஒலிப்பதால் அந்த எண்ணைத் தவிர்க்கின்றனர். விளம்பரத்தில் சொன்ன பரப்பைவிட வீடு சிறியதாகத் தோன்றியது. படிக்கட்டு, நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்தே பரப்பைக் குறிப்பது அங்குள்ள வழக்கம் என்று பின்னர் அறிந்தோம்.

மூன்றாவது, பழைய பிரெஞ்சுப் பகுதியில், பிளேன் மரங்கள் நிழல் தரும் தெருவிலிருந்து பிரியும் சந்து வீடு. கல்லால் ஆன வாயில் நிலை உடையதால் இத்தகைய வீடுகளை 'ஷிகுமென்' என்பர். 1921-இல் சீனப் பொதுவுடைமைக் கட்சியின் முதல் மாநாடு கூடியதும் இத்தகைய வீடொன்றில்தான். ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய வீட்டில் காலப்போக்கில் பல குடும்பங்கள் குடியேறிவிட்டன. காண அழகுதான், ஆனால் எங்களுக்குக் காட்டிய அறைக்குச் சமையற்கட்டு பொது, படியோ ஏணிபோல் செங்குத்து. குழந்தையை நினைத்துத் திரும்பினோம்.

நான்காவது வீட்டைத் தரகர் காட்டவில்லை, மருமகளே கண்டுபிடித்தாள். ஷூஜியாஹுய் வட்டாரத்தில், 1980-களில் கட்டப்பட்ட ஆறு மாடிக் கட்டடம். மின்தூக்கி இல்லை, வீடு மூன்றாம் மாடியில். சன்னல்களுக்கு வெளியே நீட்டிய கழிகளில் துணிகள் காய்ந்தன. நகரின் முதல் சுரங்க ரயில் 1993-இல் ஓடத் தொடங்கியது இவ்வட்டாரம் வரைதான். 'ஷூ குடும்பத்தார் வாழும் ஆற்றுக் கூடல்' என்பது அப்பெயரின் பொருள். 1603-இல் சின்னப்பர் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்ற அறிஞர் ஷூ குவாங்சியின் குடும்பம் அது. 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித இஞ்ஞாசியார் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களும் அங்கே நிற்கின்றன. 1966-இல் இடிக்கப்பட்ட கோபுர முனைகள் 1980-களில் மீண்டும் எழுப்பப்பட்டன.

சுவரில் பூஞ்சைக் கறை இருந்தது. வெப்பக் குழாயும் இல்லை. நாங்கள் முகம் சுளித்தோம். மருமகளோ கீழே முற்றத்தைக் காட்டினாள். முதியோர் பலர் கைகளை வீசி மெல்ல உடற்பயிற்சி செய்து கொண்டிருந்தனர். அவர்களுள் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எம் பேத்தியை அருகழைத்து, தம் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

"அத்தை, அவர் காலையில் போனால் இரவுதான் வருவார். பகலெல்லாம் நானும் குழந்தையும் மட்டும். புல்தரை என்னோடு பேசுமா?" என்றாள் மருமகள்.

எங்களுக்கு மறுமொழி இல்லை. ஆயினும் மனம் முழுதும் ஒப்பியது என்று சொல்வதற்கில்லை.

ஒப்பந்தம் எழுதும் முறை பிறருக்கும் பயன்படுமாதலின் கூறுகிறோம். ஒரு மாத அல்லது இரு மாத வாடகையை முன்பணமாகப் பெறுகின்றனர். வாடகையைப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னதாகவே செலுத்த வேண்டும். நிறுவனம் வாடகைப் படி தருமாயின், 'ஃபாப்பியாவ்' எனப்படும் வரித்துறை ரசீதை வீட்டுக்காரர் தருவாரா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுக் கொள்ள வேண்டும். விடுதியில் தங்குவோரை விடுதியாரே காவல்துறையில் பதிவு செய்வர். தனி வீட்டிலோ, குடிபுகுந்த 24 மணி நேரத்துக்குள் நாமே பதிந்து கொள்ள வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவுச் சீட்டு இன்றி வசிப்பிட அனுமதி பெறுதல் இயலாது.

ஒரு மாதம் கழித்து நாங்கள் ஊர் திரும்பினோம். தொலைபேசியில் மருமகள் குறைகளையும் மறைக்கவில்லை. ஜூன் திங்களில் தொடங்கும் 'பிளம் மழை'க் காலத்தில் காலணி மீதும் பூஞ்சை படர்ந்ததாம். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டை வேண்டியிருந்ததாம். ஆயினும் முதல் மாடி ஆசிரியையைப் பற்றிச் சொல்லாத நாளில்லை. அவரை 'ஆயி' என்றே அழைத்தாள். சீன மொழியில் அதற்குச் சிற்றன்னை என்று பொருள். நம் மூதாட்டிகளையும் நாம் அப்படித்தானே அழைத்தோம்!

2022-ஆம் ஆண்டு வந்தது. கொள்ளை நோயைத் தடுக்க, பூசிப் பகுதி ஏப்ரல் முதல் நாள் அடைக்கப்பட்டது. ஜூன் முதல் நாள்தான் நகரம் திறந்தது. கடைகள் மூடின. அரசு வழங்கிய காய்கறிப் பொட்டலம் போதவில்லை. குடியிருப்பு முழுவதும் சேர்ந்து மொத்தமாகக் கேட்டாலன்றி வணிகர் பொருள் அனுப்புவதில்லை. அந்தக் கணக்கெல்லாம் கைப்பேசியில், சீன எழுத்தில் நடந்தது. எம் மகனுக்கோ பெயர்ப்பலகை படிக்கும் அளவே சீனம் தெரியும். இங்கே நாங்கள் உறங்காமல் செபமாலையைப் பற்றிக் கொண்டிருந்தோம்.

ஒரு நாள் பேத்தியின் முகம் திரையில் மலர்ந்தது. "பாட்டி, முட்டை வந்தது!" என்றாள். ஆசிரியை தம் வீட்டுக் கணக்கோடு எம் பிள்ளைகளின் கணக்கையும் சேர்த்து எழுதியிருந்தார். அரிசி, முட்டை, முட்டைக்கோசு ஆகியவற்றின் படங்களை மருமகளுக்கு அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதினாராம். பொருள் வந்ததும் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிச் சென்றாராம். மருமகள் தன்னிடமிருந்த பால்பொடியில் பாதியை அதே படிக்கட்டில் அவருக்காக வைத்தாள். இரண்டு மாதமும் இவ்வாறே கழிந்தது.

சுற்றுச்சுவருக்குள் குடியிருந்தோரும் அந்நாட்களில் ஒருவருக்கொருவர் உதவியே இருப்பர். அதனை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் முற்றத்தில் தரப்பட்ட ஓர் ஆரஞ்சுப் பழத்தில் மருமகள் கண்டதை நாங்கள் காணவில்லை. சூட்டையும் சுவரையும் மட்டுமே அளந்தோம்.

வெளிநாடு செல்லும் இளங்குடும்பத்தார் இப்போது எங்களிடம் யோசனை கேட்கின்றனர். குழாயைத் திறந்து பாருங்கள், பூட்டைச் சோதியுங்கள், ரசீதைக் கேளுங்கள் என்கிறோம். பின்பு, கையெழுத்திடும் முன் ஒரு காலை வேளையில் அக்குடியிருப்பின் முற்றத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருங்கள் என்கிறோம். உங்கள் குழந்தையைப் பார்த்து யார் சிரிக்கின்றனர் என்பதையும் கவனித்து வாருங்கள்.