'லாம்' என்னும் பூட்டு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏவலும் வியங்கோளும் கற்பிப்பது என் தொழில். 'வா' என்பது ஏவல். 'வருக' என்பது வியங்கோள். 'வரவேண்டும்' என்றால் தப்ப வழியில்லை. 'வரலாம்' என்றாலோ, வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி! வினையின் வாலில் தொங்கும் இந்தச் சின்னஞ்சிறு துணுக்கு ஒருத்தியின் வாழ்வையே திசைதிருப்ப வல்லது என்பதைப் பாடநூல் எனக்குச் சொல்லவில்லை. பல்கலைக் கழகத்து விண்ணப்பச் சாளரம் சொல்லிற்று.

என் தாய் நாற்று நடும் கூலிப் பெண். எழுத்தறியார், ஆனால் சேற்றில் இறங்கிவிட்டால் உச்சி வெயில் வரையில் பாட்டு ஓயாது. எங்கள் பக்கத்துப் பெண்டிர் பாடும் நடவுப் பாடல்களைத் தொகுத்து, ஆராய்ந்து, முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடாக அளிக்க வேண்டும் என்பது என் வேட்கை. பாடும் கிழவியர் ஒவ்வொருவராக மறைகின்றனர், வயலில் இயந்திரம் இறங்கிவிட்டது, காத்திருக்கக் காலமில்லை. ஆசிரியை வேலையை விட்டுவிட்டு முழுநேரம் ஆராயப் போனால் வீட்டில் அடுப்பெரியாது. ஆகவே பகுதிநேர ஆய்வுக்கு விண்ணப்பித்தேன்.

முதுகலையில் நான் பெற்றது 53 விழுக்காடு. சாளரத்துக்கு அப்பால் இருந்தவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளைத் திருப்பித் தள்ளினார். "55 வேண்டுமம்மா. இல்லையென்றால் இடமில்லை."

நான் வெறுங்கையோடு போகவில்லை. பல்கலைக் கழக மானியக் குழு 2022 நவம்பர் 7ஆம் நாள் அரசிதழில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறையை அச்செடுத்து வைத்திருந்தேன். அந்த அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறது. தமிழில் ஆய்வு செய்யப் புகும் தமிழ்ப்பெண் தன் உரிமை இன்னதென அறியத் தமிழ் மட்டும் போதாதாம்! அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் படித்திருந்தேன். பிற்படுத்தப்பட்டோரில் வளமான பிரிவைச் சேராதவர்க்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் முதலியோர்க்கும் ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு என்று அதிலுள்ள வரியைக் காட்டினேன்.

அவர் படித்தார். நிதானமாகத்தான் படித்தார். பிறகு புன்னகையோடு கேட்டார்: "அளிக்கலாம் என்றுதானே இருக்கிறது? அளிக்கவேண்டும் என்று இல்லையே!"

தமிழாசிரியைக்கே இலக்கணம் கற்பித்தார்! எனக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் சொன்னது பிழையன்று. அந்த வரி 'லாம்' என்றுதான் முடிகிறது. அதற்குமேல் வழக்காட என்னிடம் என்ன இருந்தது? நல்லவேளை, அவர் மேசைமீதே கிடந்த அவர்களுடைய விளக்கக் குறிப்பேட்டில், அதே தளர்வைப் பல்கலைக் கழகம் ஏற்றுக்கொண்டதாக அச்சிட்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கிப் புரட்டிக் காட்டியபின், மறுபேச்சின்றி விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டார். கொடியவர் அல்லர்; குறிப்பேட்டைப் படிக்காதவர், அவ்வளவே.

அந்த ஐந்து விழுக்காடு எவரும் இரங்கிப் போட்ட பிச்சையன்று. கல்லூரி இடங்களைச் சென்னை மாகாணம் வகுப்புவாரியாகப் பகிர்ந்தளித்த ஆணை 1951இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அந்த ஆண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு ஏறிற்று. அது வெற்றிதான், மறுப்பாரில்லை. ஆயினும் அந்த உட்பிரிவைக் கூர்ந்து படியுங்கள். பின்தங்கியோர்க்கு அரசு தனி ஏற்பாடு செய்வதைத் தடுக்க மாட்டோம் என்கிறதேயொழிய, செய்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் 'லாம்' அங்கிருந்தே வருகிறது!

வீடு திரும்பியதும் செம்பென்சிலை எடுத்துக்கொண்டு ஒழுங்குமுறை முழுவதையும் மீண்டும் படித்தேன். ஆய்வுக்காலம் குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தால் ஆறாண்டு, மறுபதிவால் இன்னும் ஈராண்டு. பெண்களுக்கும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத் திறனாளிகளுக்கும் மேலும் ஈராண்டு 'அளிக்கலாம்'. மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு 'வழங்கலாம்'. பார்த்தீர்களா? ஆனால் ஒன்று. திருமணம் முதலிய காரணத்தால் பெண் வேறிடம் பெயர்ந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவளுடைய ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு மாற்ற இசைவு தந்தே ஆகவேண்டும். அங்கே 'லாம்' இல்லை! பிள்ளை பெற்றால் விடுப்பு ஐயத்துக்குரியது. கணவன் ஊருக்குப் பெயர்ந்தால் வழி உறுதியானது. எழுதியவர்கள் இதை எண்ணித்தான் எழுதினார்களோ, எண்ணாமலே பேனா ஓடிற்றோ!

நல்லதையும் சொல்லவேண்டும். 2016ஆம் ஆண்டு விதியின்படி, ஆய்வேட்டை அளிக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டாக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை அச்சிடும் கடைகள் அதனால் பெருகின. 2022இல் அந்தக் கட்டாயம் நீங்கிற்று. என்னைப்போல் கையில் காசில்லாதவர்க்கு அது பெரிய ஆறுதல்.

இனி 'வேண்டும்' எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பகுதிநேர ஆய்வாளர், தாம் பணிபுரியும் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று கொண்டுவர வேண்டும். கட்டாயம்! படிக்க இசைவு உண்டு. அலுவல் போக ஆய்வுக்குப் போதிய நேரம் கிட்டும். தேவைப்பட்டால் பாடப் பயிற்சிக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று மூன்றையும் முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளி கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த வரியிலும் இல்லை. வேலை செய்கிறவள் கேட்கவேண்டும். வேலை கொடுத்தவர் கொடுக்கலாம். பூட்டு அரசாங்கத்துடையது, சாவி எங்கள் தாளாளர் சட்டைப்பையில்!

நுழைவுத் தேர்விலும் நேர்காணலிலும் தேறினேன். நெறியாளர் ஒருவரும் இசைந்தார். சான்று கேட்டுத் தாளாளர் அறைக்குச் சென்றேன். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "விடுவிப்பதா? உன் வகுப்பை யாரம்மா எடுப்பது? கலியாணம் ஆகட்டும், மாப்பிள்ளை படிக்கவைப்பார்." சினந்து பேசவில்லை. மகளிடம் பேசுவதுபோல்தான் பேசினார். அதனாலேயே மறுமொழி சொல்ல நா எழவில்லை.

ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார்: "எங்கும் வேலையில் இல்லை என்று எழுதிக் கொடுத்து முழுநேரத்தில் சேர்ந்துவிடம்மா. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" அந்த யோசனையை உடனே உதறிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. ஓரிரவு முழுவதும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். விடியலில் அம்மாவிடம் சொன்னேன். அரிவாளைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "நீ வேலை செய்யலேன்னு எழுதிக் கொடுத்தா, பாடுறவளுங்க வேலையைப் பத்தி எப்படி எழுதுவே?"

பதிவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பாடப் பயிற்சி நடைபெறும் நாட்களில் என் வகுப்புகளைப் பங்கிட்டு எடுக்கத் தோழியர் இருவர் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார்கள். அந்தத் தாளையும், தாளாளர் விரல் வைத்த அந்த வரிக்கு என் மறுமொழியையும் எழுதி உறையிலிட்டுள்ளேன். நாளைக் காலை, முதல் மணி அடிக்குமுன், மறுபடியும் அந்த அறைக்குப் போகிறேன்.