கைக்கு வேலை, மனதுக்கு ஆறுதல்



2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அப்போது நான் கணவரை இழந்து இத்தாவில் இருந்தேன். 4 மாதமும் 10 நாளும்! தொழுகை, ஓதல் போக மிஞ்சிய நேரம் மலையாய்க் கனத்தது.

ஒருநாள் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை மகள் வீசப் போனாள். "எறியாதீங்க மகள், இங்கே தாங்க" என்றேன். அன்று தொடங்கியது இந்தக் கைவேலை.

நீங்களும் செய்யலாம். மெழுகை நேரே அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பற்றும். கொதிநீர்ச் சட்டிக்குள் சிறு பேணியை வைத்து உருக்குங்கள். பப்பாசி இலைத்தண்டின் நடுவே பருத்தி நூலைக் கோத்து, அடிமுனையைக் களிமண்ணால் அடைத்து, நூலை இழுத்துப் பிடித்தபடி மெழுகை ஊற்றுங்கள். நன்றாக இறுகியதும் தண்டைக் கீறி எடுங்கள். சிறு பிள்ளைகள் அருகில் வரக்கூடாது.

இதில் அவசரம் செல்லாது. உருகவும் பொறுக்க வேண்டும், இறுகவும் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமையில்தான் என் மனமும் மெல்ல ஆறியது. வீசவிருந்த மெழுகின் வெளிச்சத்தில் பேரப்பிள்ளை பாடம் படித்தபோது, நானும் இன்னும் பயன்படுவேன் என்று தோன்றியது. அல்ஹம்துலில்லாஹ்!

ஒன்றை மறவாதீர்கள். உறங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. திரியை அணைத்துவிட்டே படுங்கள்.