மண்வெட்டி பிடித்தவர் யார்?

கப்பற் கால்வாயை வெட்டியவர் யாரென்று கேட்டால், திட்டம் வகுத்த துரையின் பெயரே விடையாக வருகிறது. 1869இல் திறக்கப்பெற்ற சூயஸ் கால்வாய்க்கு லெஸ்ஸெப்ஸ் என்போம். கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட எகிப்திய உழவர்க்குப் பெயரில்லை. 1956இல் நாசர் அக்கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அவ்வாண்டிறுதியிலேயே போர்ட் சையதில் நின்ற லெஸ்ஸெப்ஸ் சிலை வீழ்த்தப்பட்டது.

அந்தச் சூயஸ் சுருக்கிய கடல்வழியில்தான் மலாயாவின் ஈயமும் ரப்பரும் ஐரோப்பா சென்றன. பெருங்கப்பல்கள் ஆற்றில் ஏறிக் கிள்ளான் நகரை அடைய இயலாமையால், 1901இல் ஆற்றின் முகத்துவாரத்தில், அலையாத்திக் காட்டுச் சேற்றில், புதிய துறைமுகம் எழுந்தது. அதற்குச் சுவெட்டன்ஹாம் துரையின் பெயரிட்டனர். திறந்த உடனே மலேரியா தாக்கிற்று. டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டுவித்துக் காய்ச்சலை அடக்கினார் என்பது மருத்துவ வரலாறு புகழும் செய்தி. வாட்சன் வழிகாட்டினார், மெய்தான். சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தவர் வாட்சன் அல்லரே! நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம்மவர் பலருக்கு மலாயாவின் வாசற்படி அத்துறைமுகமே. நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த பின்னரே தோட்டம் கிட்டிற்று. 1972இல் துரையின் பெயர் நீங்கிக் கிள்ளான் துறைமுகமாயிற்று. பெயர் மாறியது நன்று. பெயரற்றோர் பெயரற்றோராகவே இருந்தனர்.

கோலாலம்பூரிலும் அவ்வாறே. 1926 வெள்ளத்திற்குப் பின் நேராக்கிச் சுவரெழுப்பிய கிள்ளான் ஆறு நகரின் நடுவே கால்வாய் போலவே ஓடுகிறது. அது கோம்பாக்குடன் கூடுமிடத்தில், 1909இல் எழுந்த ஜாமிக் பள்ளிவாசலருகே, சிற்பிகள் புதிதாய்ப் படித்துறையும் நீல விளக்கும் பனிப்புகையும் அமைத்துள்ளனர். அழகுதான், மாலையில் அங்கு நின்ற நாமும் மகிழ்ந்தோம். குழந்தைகள் புகையிற் குதித்தாடினர். ஆயினும் அச்சுவரை எழுப்பிய கைகளைப் பற்றிய ஓர் எழுத்தும் எம் கண்ணுக்கு அகப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே முற்றத்தின்மேல் 2001இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. தண்டவாளம் பதித்த தமிழரின் பேரர்கள் அதன் மின்படிகளில் ஏறி இறங்குகின்றனர், தம் பாட்டன் தடம் காணாமலே.

கட்டடக்கலைஞர்க்கு நாம் சொல்வது இது: துறைமுகத்தில் ஒரு பழைய வடிகாலை மூடாது விடுக, நிலையத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கண்ணில் படுமாறு பதிக்க, ஆற்றுச் சுவரில் வெள்ளமேறிய அளவைக் கீறி, கிடைக்குமளவில் கூலிப் பதிவேடுகளிலுள்ள பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் செதுக்குக. ஒரு நீரூற்றுக்கு ஆகும் செலவு இதற்கு ஆகுமென்று நாம் எண்ணவில்லை.