எதிரே வருபவருக்கும் சேர்த்து

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தோம். அப்பா விட்டுப்போன 1968 பியட் 1100 டிலைட். கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிக்காமல், வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்து வந்தேன். ஓரிடத்தில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. வேகம் மட்டும் குறையவில்லை. கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, மண் ஓரத்தில் ஒருவழியாக நிறுத்தினேன். முன்சக்கரங்களில் லைனிங் கருகிய வாடை. பின்சீட்டில் அம்மா எதுவும் பேசவில்லை. கீழே போய்ச் சேரும்வரை பேசவில்லை.

வண்டியை முழுதாகப் பிரித்துச் செப்பனிட்டபோது, ஒரு திருகாணிகூட மாறக்கூடாது என்றிருந்தேன். முன்பக்கம் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாம் என்றார் கோவை மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை. அவர் துணியில் கையைத் துடைத்தபடி சொன்னார்: "தம்பி, எஞ்சின், பெயிண்ட், சீட்டு எல்லாம் உங்களுதுங்க. பிரேக்கு எதுக்க வர்றவனுக்கும் சேர்த்துத்தானுங்க."

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

டிரம் சூடேறினால் விரியும். உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகும். டிஸ்க் சூடேறித் தடித்தால் பேடை நோக்கித்தான் வரும். காற்றுப்படத் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறவும் செய்யும். 1953 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு ஓடி வென்றதும் உலகம் இதைக் கண்ணால் பார்த்தது.

ஆனால் டிஸ்க்கை மாட்டினால் மட்டும் வேலை முடியாது. டிரம்மில், சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து அழுத்திக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த ஒத்தாசை கிடையாது. கால் பலம் போதாது, பூஸ்டர் வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும். அதையே வைத்தால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் போட்டோம். ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் பிடிக்கும். காலிப்பருக்கான பிராக்கெட்டை, பழைய துளைகளிலேயே உட்காரும்படி லேத்தில் கடைந்தார்கள். எங்கும் வெட்டவில்லை, வெல்டிங் வைக்கவில்லை.

கடைசியில் பிரேக் குழாய்களிலிருந்து ஏர் எடுத்தோம். நான் சீட்டில், அவர் சக்கரத்தடியில். "மிதிங்க... பிடிங்க... விடுங்க." கண்ணாடிக் குழாயில் குமிழ்கள் கொத்தாய் வந்தன, பிறகு ஒவ்வொன்றாய், பிறகு தெளிந்த ஆயில் மட்டும். பெடல் பாதத்தின் கீழ் கல்லாக நின்றது.

பழைய டிரம்களையும் ஷூக்களையும் எண்ணெய் தடவி, துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். என்றைக்காவது யாராவது கேட்டால், வண்டியைப் பழையபடி ஆக்கித் தரலாம். அப்பாவின் வண்டியை மாற்றிவிட்டேன் என்ற உறுத்தல் இப்போது இல்லை. அவருக்குப் பிரியமானது இரும்பு அல்ல, அதில் ஏற்றிப்போன மனிதர்கள்.

ஆகஸ்டில் மறுபடி அதே பாதையில் இறங்கினோம், இம்முறை இரண்டாம் கியரில். பாதி வழியில் பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல்: "பர்லியார்ல நிறுத்துடா, மங்குஸ்தான் வந்திருக்கும்."