கல்லாவில் யார்?

கடைத்தெருவில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். பொட்டலம் மடிக்க ஆள் வைப்பார்கள். எடை போட ஆள் வைப்பார்கள். கல்லாவில் மட்டும் முதலாளியே உட்காருவார். வெளியூர் போகும் நாளில் மச்சானைக்கூட ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்துத்தான் உட்கார வைப்பார். மூன்று வருஷம் பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாகப் புரிந்தது இதுதான்: சரக்கு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், கல்லா யார் கையில்?

இன்டர்நெட் ஜாம்பவான்கள் அடித்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

ஈபே தெரியுமில்லையா? 1995-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஆன்லைன் ஏலக்கடை. முகம் தெரியாத ஒருவர் விற்பார், முகம் தெரியாத இன்னொருவர் ஏலம் கேட்பார். சரி, பணம்? அதற்காக 1999-ல் பில்பாயின்ட் என்ற கம்பெனியை ஈபே வாங்கிப் போட்டது. ஜனங்களோ பேபால் என்ற வெளியாளிடம்தான் வரிசை கட்டி நின்றார்கள். சொந்தக் கடையில் அடுத்தவன் கல்லா! எத்தனை நாள் பொறுக்க முடியும்? 2002-ல் சுமார் 150 கோடி டாலர் மதிப்புக்குப் பேபாலையே வாங்கிவிட்டது ஈபே. பில்பாயின்ட்டுக்கு மூடுவிழா.

2006-ல் கூகுள், 'செக்அவுட்' என்று ஒரு கல்லாவைத் தூக்கிக்கொண்டு வந்தது. 'நம்ம ஏலத்தில் இது செல்லாது' என்று ஈபே கதவைச் சாத்தியது. அடுத்த வருஷம் ஜூனில் நடந்தது செம காமெடி. பாஸ்டன் நகரில் ஈபே தன் வியாபாரிகளுக்கு மாநாடு நடத்த, அதே ஊரில் அதே வியாபாரிகளைப் பார்ட்டிக்கு அழைத்தது கூகுள். கல்யாண மண்டபத்து வாசலில் எதிர்வீட்டுக்காரர் பந்தி போட்ட கதை! கடுப்பான ஈபே, அமெரிக்காவில் கூகுளுக்குக் கொடுத்துவந்த விளம்பரங்களை நிறுத்தியது. பார்ட்டி கேன்சல். செக்அவுட்டும் 2013-ல் காலி.

நடுவில் அந்த வியாபாரி? எந்தக் கல்லாவை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை அவரிடம் இல்லை. கடை வாடகையும் கல்லா கமிஷனும் ஒரே பாக்கெட்டுக்குப் போயின. மேட்டர் அதுதான்.

ஈபே நம் ஊருக்கும் வந்தது. 2004-ல் பாஸி டாட் காமை வாங்கியது. இங்கே அதன் கல்லாவுக்குப் பெயர் பைசாபே. சரக்கு போய்ச் சேரும்வரை பணம் நடுவில் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் 2017-ல் ஈபே இந்தியா ஃப்ளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் கடையைச் சாத்தியாயிற்று.

இப்போது எங்கள் சேத்தியாத்தோப்புக்கு வாருங்கள். விருத்தாசலத்திலிருந்து பீங்கான் அகல், பொம்மை எல்லாம் எடுத்துவந்து கூட்டுரோட்டில் விற்கிறார் ஓர் அம்மா. பக்கத்தில் ஒரு கம்பெனியின் க்யூஆர் அட்டை, காசு வந்தால் கத்துகிற பெட்டி. நான் வேறொரு கம்பெனியின் ஆப்பில் பணம் போட்டேன். பெட்டி தமிழில் கத்தியது.

"வேற கம்பெனி காசும் இதுலயே வருதே, எப்படி தம்பி?" என்றார்.

150 கோடி டாலர் கேள்வி! ஈபே கடையில் நடக்காதது கூட்டுரோட்டில் நடக்கிறது. காரணம், 2016-ல் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் கொண்டுவந்த யுபிஐ.

"ரோடு பொதும்மா. பஸ்ஸுங்கதான் வேற வேற. எந்த பஸ்ல வந்தாலும் உங்க கடைக்கு வந்துதானே ஆகணும்?"

"அதென்னவோ, பொட்டிக்கு மட்டும் மாசாமாசம் வாடகை புடிச்சிடறான்" என்றார். அவர் கவலை அவருக்கு.

நியாயமான கவலைதான். ரோடு பொது என்றாலும் ஓடுகிற பஸ் முக்கால்வாசி இரண்டே முதலாளிகளுடையது. ஒன்று, 2018-ல் ஃப்ளிப்கார்ட்டோடு சேர்ந்து வால்மார்ட் வசம் போன ஃபோன்பே. இன்னொன்று, 2017-ல் தேஸ் என்று வந்து மறுவருஷமே பெயர் மாறிய கூகுள் பே. 2024-ல் நூறு யுபிஐ பரிவர்த்தனையில் எண்பதுக்கு மேல் இந்த இரண்டின் வழியாகத்தான். எந்த ஆப்பும் 30 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020-ல் கழகம் அறிவித்தது. கெடு 2022 டிசம்பரிலிருந்து 2024 டிசம்பருக்குப் போய், அங்கிருந்து 2026 டிசம்பருக்கும் தள்ளிப் போனது.

பேங்க் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் கமிஷன் பிடிக்கக்கூடாது என்பது 2020 ஜனவரி முதல் விதி. நல்ல விதி. ஆனால் பஸ்ஸுக்கு டீசல் யாராவது போட்டுத்தானே ஆகவேண்டும்? நாளைக்கு டிக்கெட் கேட்டால், ஓர் அகலுக்கு ஒரு ரூபாய் லாபம் பார்க்கிறவர் என்ன செய்வார்? வேறு பஸ் ஏறுவார். ஏற வேறு பஸ் இருந்தால்!

அதனால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் பேங்கின் சொந்த ஆப்போ, பீம் ஆப்போ போனில் தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்த டீக்கு அதில் காசு போடுங்கள். உங்களுக்கு நஷ்டமில்லை. டீக்கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் யுபிஐயின் அழகே!