காற்றைக் கூட்டிக் கழித்தல்

ஃப்ளைட் டிஸ்பாட்ச் மேசைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி எவ்வளவு தூரம் என்று கேட்பேன். போனைத் தட்டி, 15,349 கிலோமீட்டர் என்பார்கள். சரிதான். கையால் போட்டுக் காட்டு என்றால் முழிப்பார்கள்.

சாங்கி 1.36 டிகிரி வடக்கு, கென்னடி 40.64 டிகிரி வடக்கு. தீர்க்கரேகையில் இரண்டும் ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம். அதனால் கிரேட் சர்க்கிள் கோடு வடதுருவத்தை உரசிக்கொண்டு போகிறது. இரண்டு அட்சத்தையும் கூட்டினால் 42. 180-இல் கழித்தால் 138. டிகிரிக்கு 60 நாட்டிகல் மைல், ஆக 8,280. கிலோமீட்டரில் 15,335. கணினிக்கும் நமக்கும் 14 கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

இதை எனக்குச் சொல்லித்தந்த அண்ணன் பழைய காலத்து ஆள். மேல்காற்று வரைபடத்தை அச்செடுத்து, பென்சிலால் ரூட் போட்டு, ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் காற்றுக்குறியை எண்ணச் சொல்வார். அரைக்கோடு 5 நாட், முழுக்கோடு 10, முக்கோணக் கொடி 50. எண்ணி முடித்ததும், "தம்பி, இதுல எத்தனை நமக்கு முதுகுல தள்ளுது?" என்பார். குறுக்கே அடிக்கும் காற்றை முழுசாகக் கூட்டிவிட்டால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்.

போன மாதம் ஒரு பெண் 15,349-ஐ மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, 17 மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தாள். வகுத்தல் சரி, ரூட்தான் இல்லை. துருவக் கோட்டில் காற்றே இல்லை என்று வைத்து, 480 நாட் வேகத்தில் போனால் 17 மணி 15 நிமிடம். ஜப்பானுக்குக் கிழக்கே ஜெட் ஸ்ட்ரீமைப் பிடித்து, பசிபிக்கைத் தாண்டி அலாஸ்கா பக்கம் போகும் ரூட் 9,000 நாட்டிகல் மைல் வரும். சராசரி 50 நாட் டெயில்விண்ட் கிடைத்தால் 17 மணிக்கும் ஒரு நிமிடம் குறைவு. எழுநூறு மைல் சுற்றிப் போகிறவன் முந்திக்கொள்கிறான். அவளையே இரண்டு ரூட்டையும் தாளில் போட வைத்தேன். டிக்கெட்டில் 18 மணிக்கு மேல் இருக்கிறதே என்றாள். அது பிளாக் டைம்: கேட்டை விட்டு நகர்வது முதல் கேட்டில் நிற்பது வரை. டாக்ஸி, ஏற்றம், இறக்கம், வரிசையில் காத்திருப்பு எல்லாம் அதற்குள்.

2018 அக்டோபரில் ஏ350-900 யூஎல்ஆர் விமானம் நியூயார்க்கை அடுத்த நுவர்க்குக்குப் பறக்க ஆரம்பித்தபோது, 1,65,000 லிட்டர் கொள்ளும் டேங்கைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. எங்களுக்கு டேங்க் பெரிதானதில் நிம்மதி வந்துவிடவில்லை. கூடுதலாக ஏற்றும் எரிபொருளைச் சுமக்கவே அதில் ஒரு பங்கு எரியும்; கனத்தால் ஆரம்பத்தில் உயரம் ஏறவும் முடியாது. "பயத்துக்கு ரெண்டு டன் சேக்காதே, காரணத்துக்குச் சேத்துக்கோ" என்பார் அண்ணன். பயணத்துக்கானதும், ஆல்டர்னேட் (மாற்று விமான நிலையத்துக்கு), கன்டிஞ்சன்ஸி (எதிர்பாராததற்கு), கடைசி முப்பது நிமிட ரிசர்வ் மூன்றும் போக, ஒவ்வொரு டன்னுக்கும் பிளானில் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

திரும்பும் ஃப்ளைட்டை ஒருநாளும் போன பிளானின் தலைகீழாக நினைக்காதீர்கள். அங்கே நிரப்புவது ஜெட் ஏ, உறைநிலை மைனஸ் 40. நம்மூர் ஜெட் ஏ-1 மைனஸ் 47. வேக உரசலில் இறக்கை கொஞ்சம் சூடாகும் என்றாலும், குளிர்காலத்தில் வடக்கே போனால் டேங்க் வெப்பநிலை, உறைநிலைக்கு மூன்று டிகிரியே மேலான மைனஸ் 37-ஐ நெருங்கக்கூடும். அதனால் அந்தப் பக்கத்து பிளானில் முதலில் காற்றைப் பார்க்க மாட்டேன். மேல்மட்ட வெப்பநிலைக் கட்டத்தைப் பார்த்து, குளிர் அதிகமென்றால் கொஞ்சம் தெற்கே ரூட்டை இறக்குவேன், அல்லது ஃப்ளைட் லெவலைக் குறைப்பேன். இரண்டிலும் நிமிடம் கூடும். அதைக் கேப்டனிடம் பிரீஃபிங்கிலேயே சொல்லிவிடுவேன்.