நிமிஷத்துக்கு 800 அடி!

பெங்களூர் மெயில்ல ஜெனரல் கோச். பையில ஒரு செட் டிரெஸ், ரெண்டு ஜோடி டிரம் ஸ்டிக். விடியுறதுக்கு முன்னாடியே கன்டோன்மென்ட்ல இறங்கினா, குளிர்ல பல்லே டிரம்ஸ் வாசிக்குது!

எதுக்கு இந்த யாத்திரைன்னா, எங்க காலேஜ் பேண்டுக்கு மெட்டல் வாசிக்க ஆள் வேணும். கல்ச்சுரல்ஸுக்கு ஆறே வாரம். ‘நான் இருக்கேன் மச்சி’னு அள்ளி விட்டுட்டேன். ஆனா, டெம்போ 160-ஐத் தாண்டினா என் கை கல்லாகிடும். ‘தேறலைன்னா ஜூனியரைப் போட்டுடுவோம்’னு கிடாரிஸ்ட் சொல்லிட்டான். என் ரூம்மேட்டும் அவனேதான்!

மெட்டல் ரசிகனுக்கு பெங்களூரு சும்மா ஊர் இல்லை பாஸ். 2007 மார்ச் 17-ல் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30-ல் மெட்டாலிகா, ரெண்டு பேரும் வாசிச்சது பேலஸ் கிரவுண்ட்ஸ்லதான். ஆட்டோவை அந்தப் பக்கமா விடச் சொல்லி ஆசையா எட்டிப் பார்த்தேன். வாழைமரம், சீரியல் லைட்... யாருக்கோ கல்யாணம்.

அங்கிருந்து அல்சூர். சந்துக்குள்ள ஒரு ஜாம் ரூம். சத்தம் வெளியே போகாம இருக்க, சுவரெல்லாம் பழைய கார்ப்பெட். மாஸ்டர் அரை டவுசர்ல இருந்தார். “வாசி, பார்ப்போம்” என்றார்.

பிளாஸ்ட் பீட்டை எடுத்து விட்டேன். வலது கை சிம்பல்லயும் கால் பாஸ் டிரம்லயும் ஒண்ணா விழணும்; அந்த இடைவெளியில இடது கை ஸ்நேர்ல விழணும். இந்தப் பேரைப் பரப்பினவர், பர்மிங்காம் ‘நேபாம் டெத்’ பேண்டின் மிக் ஹாரிஸ். அவர் வாசிச்ச ‘ஸ்கம்’ ஆல்பம் 1987-ல் வந்தது.

இருபது செகண்ட்ல கையைக் காட்டி நிறுத்திட்டார். “யார் மேல தம்பி கோவம்?”

மெட்ரோனோமை 60-ல் வெச்சார். அறுபது! எங்க தாத்தா வாக்கிங் போற ஸ்பீடு. என் முன்னங்கை மேல ரெண்டு விரலை வெச்சுக்கிட்டார். இறுகினா உடனே “நிறுத்து”. ஸ்டிக் தானாத் துள்ளும், அதுக்கு வழி விட்டாப் போதுமாம். சுத்தமா அஞ்சு நிமிஷம் வந்தாத்தான் டெம்போவை நாலு ஏத்தலாம்.

அடுத்து டபுள் பெடல். டெம்போ 200, பீட்டுக்கு நாலு அடின்னா நிமிஷத்துக்கு 800. ஒரு காலுக்கு செகண்டுக்குக் கிட்டத்தட்ட ஏழு. தொடையைத் தூக்கி அடிச்சா கதை கந்தல். கணுக்கால்தான் லேசு, அதுதான் ஆடணும். மாஸ் குறைஞ்சா ஃப்ரீக்வன்சி ஏறும்னு, வைப்ரேஷன்ஸ் பேப்பர்ல அரியர் வெச்ச எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது!

சாயங்காலம் நான் நின்னது 112-ல். “அண்ணா, ஆறு வாரத்துல 200 வருமா?”

“வராது.” டீ வாங்கிக் கொடுத்தார்.

ஸ்டேஷன்ல இருந்து ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். “பாட்டை மாத்தலாம்டா. 140-க்குள்ள ஏதாவது பாரு. இல்லைன்னா ஜூனியரே வாசிக்கட்டும்.” கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “லிஸ்ட் போடுறேன், வா” என்றான்.

ரயில்ல உட்கார்ந்து 60-ல் ஆரம்பிச்சேன். வலது, இடது, வலது, இடது. எதிர் சீட் பாட்டி முறைச்சாங்க.

“காலை ஆட்டாதேப்பா, குடும்பத்துக்கு ஆகாது!”